கோவைப் பட்டறைகளில் மடக்குக் கத்தி: கடினம் எவ்வளவு, காசு எவ்வளவு?

உயர்தர மடக்குக் கத்தியைச் சொந்தமாக வரைந்து, முப்பது நாற்பது பீஸ் செய்து விற்றுப் பார்க்கலாம் என்று நினைக்கும் புதியவருக்காக எழுதியது இது. கொங்கு நாட்டில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. மின்சாரம் பாயும் கம்பியால் வெட்டும் ஒயர்கட், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் குடையும் விஎம்சி, மேற்பரப்பைச் சமமாக அரைக்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங், காய்ச்சிப் பதம் ஏற்றும் ஹார்டனிங் என்று தேவைப்படும் வேலை எல்லாமே கணபதி, பீளமேடு, குறிச்சி வட்டாரத்தில் ஸ்கூட்டரில் சுற்றி வரும் தூரத்தில் கூலிக்குக் கிடைக்கும். பம்பு, மோட்டார், மில் மெஷின் என்று பழகிய கைகள். மைக்ரான் கணக்கு அவர்களுக்குப் புதிதல்ல. கத்திதான் புதிது.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எந்த ஸ்டீல், எத்தனை எச்.ஆர்.சி. (ராக்வெல் சி முறையில் அளந்த கடின எண்)? எண் பெரிதாக இருந்தால் கத்தி உசத்தி என்று எண்ணி, வரைபடத்தில் 62, 63 என்று போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கான பணம் ஸ்டீல் கடையில் போவது கொஞ்சம்தான். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பட்டறையிலும் அது சிறுகச் சிறுகக் கழியும். ஆகவே எண்ணிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: எண்ணைப் படிக்கக் கற்பது

ராக்வெல் சி சோதனையில் 120 பாகைக் கூம்பாகத் தீட்டிய வைரமுனையை முதலில் 10 கிலோ பளுவில் உலோகத்தின் மேல் உட்கார வைப்பார்கள். அப்புறம் மொத்தம் 150 கிலோ வரை ஏற்றி, மறுபடி 10 கிலோவுக்கு இறக்கி, முனை எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு 2 மைக்ரான் ஆழத்துக்கும் 100-இலிருந்து ஒரு புள்ளி கழியும். 60 எச்.ஆர்.சி. என்றால் ஆழம் 80 மைக்ரான். 62 என்றால் 76. இரண்டு புள்ளிக்கு நடுவில் இருப்பது வெறும் 4 மைக்ரான். பிளேடின் அடியில் ஒட்டிய தூசி, உலையிலிருந்து வந்த கறுப்பு, லேசான வளைவு, இதில் எது இருந்தாலும் அந்த நாலு மைக்ரான் காணாமல் போய்விடும்.

அதனால் வரைபடத்தில் 61 என்று ஒற்றை எண் போடாதீர்கள். 59–61 என்று வரம்பாகப் போடுங்கள். சோதிக்க வேண்டிய இடத்தையும் குறித்துக் கொடுங்கள். சாய்வாகத் தீட்டிய பகுதியில் முனை சரியாக உட்காராது, எண் பொய்யாக வரும். இரண்டு பக்கமும் இணையாக இருக்கிற, கைப்பிடிக்குள் மறைந்துவிடும் அடிப்பகுதிதான் சரியான இடம். தழும்பும் வெளியே தெரியாது.

பல பட்டறைகளில் கையில் பிடித்துத் தட்டிப் பார்க்கும் லீப் மீட்டர் இருக்கும். மோதித் துள்ளும் வேகத்தை அளக்கிற கருவி அது. கனமான டை பிளாக்குக்கு (அச்சு செய்யும் ஸ்டீல் கட்டிக்கு) அது சரி. சில பத்து கிராம் எடையுள்ள மெல்லிய பிளேடு அடி விழும்போது தானும் அதிரும் என்பதால் அங்கே அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மேசை மேல் நிற்கும் ராக்வெல் மெஷின் உள்ள இடமாகவோ, சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபாகவோ பாருங்கள்.

இரண்டாம் படி: எதை வெட்டப் போகிறது என்று முடிவு செய்வது

நம் ஊர்க் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துத் தரும் அரிவாள் இந்தக் கத்திகளைவிடக் கணிசமாக மிருது. அது குறையல்ல. இளநீர் சீவுகிற அரிவாள் ஓங்கி விழும் அடியைத் தாங்க வேண்டும். வாய், அதாவது வெட்டும் ஓரம், மடிந்தால் அரம் போட்டுச் சரி செய்துகொள்ளலாம், தெறித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

மடக்குக் கத்தி ஓங்கி வெட்டாது, இழுத்து அறுக்கும். திருப்பூர் கம்பெனிகளில் அட்டைப் பெட்டியும் நூல் கோனும், தோட்டத்தில் நைலான் கயிறும் சொட்டுநீர்க் குழாயும், வீட்டில் பழமும் பார்சலும். இவற்றில் அட்டைப் பெட்டிதான் வாயைத் தேய்ப்பதில் முதலிடம். அதற்குக் கடினமும் வேண்டும், ஸ்டீலுக்குள் கார்பைடு துகள்களும் (கார்பன் உலோகத்தோடு சேர்ந்த மிகக் கடினமான துகள்கள்) வேண்டும். இரண்டும் வேறு வேறு. கடினம் வாய் மடியாமல் காக்கும். கார்பைடு தேயாமல் காக்கும். இரண்டையும் கூட்டிக்கொண்டே போனால் மூன்றாவதான உறுதி (தெறிக்காமல் தாங்கும் குணம்) குறையும், வாயில் பொக்கை விழும்.

விலைக்கும் எச்.ஆர்.சி.க்கும் நேர் உறவு இல்லை என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். விக்டோரினாக்ஸ் பேனாக் கத்தியின் பிளேடு 56 எச்.ஆர்.சி.தான், உலகமே வாங்குகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் செபென்சா பல மடங்கு விலை. அதை எஸ்30வி ஸ்டீலில் செய்த நாட்களில் 58–59-இல்தான் வைத்திருந்தார்கள். ‘இவ்வளவு காசு கொடுத்தும் இவ்வளவு மிருதுவா’ என்று குறை சொன்னவர்கள் உண்டு. பயனரே எளிதாகச் சாணை பிடிக்க வேண்டும், வாய் தெறிக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் கணக்கு. பிறகு மேக்னாகட் ஸ்டீலுக்கு வந்தபோது 63–64-க்கு ஏற்றினார்கள், ஏனென்றால் அந்த ஸ்டீல் அந்தக் கடினத்திலும் உறுதியை விடவில்லை. எண்ணைத் தனியாக வைத்துப் பேசவே முடியாது. ஸ்டீலோடு சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மூன்றாம் படி: ஸ்டீல் வாங்குவது

முதலில் ஒரு பொதுவான மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஆலையே இருக்கிறதே, அந்தத் தகட்டில் செய்யலாமே என்று கேட்பார்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் போகும் 304 வகையில் கார்பன் 0.08 சதவீதத்துக்கு மேல் கிடையாது. எவ்வளவு காய்ச்சி எதில் தோய்த்தாலும் அது கடினமாகாது. கத்திக்கு வேண்டியது பதம் ஏறும் வகை.

கோவை டூல் ரூம்களில் எச்சிஎச்சிஆர் (கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள ஸ்டீல்) என்று கேட்டால் கிடைப்பது டி2 அல்லது டி3. டி2-வா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டி3-இல் கார்பன் 2 சதவீதத்தையும் தாண்டும், கத்திக்கு அது ரொம்பவே நொறுங்கல். டி2-இல் கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீதம். கையருகே கிடைக்கும், ஹார்டனிங் செய்பவருக்கு மனப்பாடம், 60 எச்.ஆர்.சி. சுலபமாக வரும். குறை இரண்டு. கார்பைடு துகள்கள் பெரிது என்பதால் வாயை மிக மெல்லிசாக்கினால் பொக்கை விழும். குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடில் சிக்கிக்கொள்வதால் முழு ஸ்டெயின்லெஸ் ஆகாது; எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறை பிடிக்கும்.

பேரிங் ஸ்டீலான இஎன்31 விலை குறைவு, நுண்ணிய வாய் வரும், துரு நிச்சயம். சுவீடனின் 14சி28என் வகையில் கார்பன் 0.62, குரோமியம் 14 சதவீதம், கூடவே கொஞ்சம் நைட்ரஜன். துருவும் பிடிக்காது, சாணையும் சுலபம். வெளியிலிருந்து தருவிக்க வேண்டும். முதல் தொகுதிக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், கிடைக்காவிட்டால் டி2.

எம்390, எஸ்30வி, மேக்னாகட் எல்லாம் பவுடர் ஸ்டீல். உருக்கிய உலோகத்தை வாயுவால் சிதறடித்துத் தூளாக்கி, அந்தத் தூளைப் பெரும் அழுத்தத்திலும் சூட்டிலும் மறுபடி ஒரே கட்டியாக்குவார்கள். கார்பைடு துகள்கள் மிகச் சிறிதாகவும் சீராகவும் அமையும். விலை கிலோவுக்குப் பல மடங்கு. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 120 × 28 × 3.2 மில்லிமீட்டர் துண்டு ஏறக்குறைய 83 கிராம். கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும், சேதாரம் சேர்த்தும் ஒரு பிளேடுக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். பயப்பட வேண்டியது அந்தத் தொகைக்கு அல்ல, அரைக்கும் ஆறாம் படிக்கு.

நொய்யல் கரையில் சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் நாம், வெளிநாட்டு ஸ்டீலுக்குக் காத்திருக்கிறோம். சரி, வேலையைப் பார்ப்போம்.

நான்காம் படி: வெட்டுவது

ஒயர்கட்டில் சதுர மில்லிமீட்டர் கணக்கில் கூலி: வெட்டும் கோட்டின் நீளத்தைத் தடிமனால் பெருக்குங்கள். தகடுகளை அடுக்கிப் பிடித்து ஒன்றாக வெட்டச் சொன்னால் செட்டிங் நேரம் மிச்சம். லேசர் வேகமும் மலிவும்தான், ஆனால் ஓரம் வெந்துவிடும். சுற்றிலும் கொஞ்சம் விட்டு வெட்டி அப்புறம் அரைத்து எடுக்க வேண்டும். பிளேடு சுழலும் அச்சுக்கான பிவட் ஓட்டையை ஹார்டனிங்குக்கு முன்பே கடைசி அளவுக்குச் சற்றுக் குறைத்துப் போட்டுவிட்டு, ஹார்டனிங் ஆன பிறகு ஹோனிங் செய்து (நுண்கல்லால் தேய்த்து) அளவுக்குக் கொண்டுவாருங்கள். உலைக்குப் போய் வந்தால் எந்த ஓட்டையும் அதே அளவில் இருக்காது.

போகும் இடத்தில் வரைபடத்தைக் காட்டி, என்ன செய்கிறீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ‘ஏனுங் தம்பி, கத்தியா? போலீஸ் கேஸ் ஏதும் ஆகாதுங்களே?’ என்று தயங்குகிற முதலாளி உண்டு. இந்திய ஆயுத விதிகளில் உரிமம் கேட்கும் கத்தியின் அளவு 9 அங்குல நீளத்துக்கு மேல் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேல். மூணரை அங்குல மடக்குக் கத்தி அதற்குள் வராது என்று விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

ஐந்தாம் படி: ஹார்டனிங்

கத்தியின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. கூலியோ மொத்தச் செலவில் சிறு பகுதி. அதனாலேயே புதியவர்கள் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

ஹார்டனிங் கடைகளில் கிலோ கணக்கில் கூலி, அதோடு குறைந்தபட்சத் தொகை ஒன்றும் உண்டு. உங்கள் நாற்பது பிளேடும் சேர்ந்து மூன்று நான்கு கிலோகூட வராது. எனவே குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டுவீர்கள். அதைக் குறைக்க அவர் சொல்லும் வழி: ‘டை பிளாக் லோடு ஒண்ணு போகுதுங்க, அதோட சேத்திப் போட்டுரலாம்.’ சம்மதிக்காதீர்கள். நாலு அங்குல பிளாக்கின் நடுவுக்குச் சூடு போய்ச் சேரும்வரை 3 மில்லிமீட்டர் பிளேடு தேவைக்கு மேல் வெந்துகொண்டிருக்கும். ஸ்டீலுக்குள் இருக்கும் நுண்மணிகள் (கிரெயின்) பெருக்கும், உறுதி போகும். டி2-வை 1010–1030 டிகிரியில் வைத்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினாலோ நேரம் கூட்டினாலோ, கடினமாக உருமாறாத, மிருதுவான ஆஸ்டினைட் என்ற அமைப்பு மிஞ்சி, கடினம் கூடுவதற்குப் பதில் குறையும்.

டெம்பரிங், அதாவது பதம் ஏறிய பிளேடை மறுபடி மிதமாகச் சூடாக்கி நொறுங்கலைக் குறைப்பது, இந்த விஷயத்திலும் பேசிவிடுங்கள். டை வேலைக்கு 500 டிகிரிக்கு மேல் டெம்பர் போடுவது அவர்களுக்கு வழக்கம். ஸ்டெயின்லெஸ் பிளேடை அந்தச் சூட்டில் போட்டால் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து துரு எதிர்ப்பு குறையும். 180–200 டிகிரியில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்று எழுதியே கொடுங்கள்.

திறந்த உலையில் போட்டால் மேற்பரப்பிலிருந்து கார்பன் கழன்றுவிடும். ராக்வெல் முனை அந்த மிருதுவான தோலைத்தான் தொடும். வேக்குவம் உலை நல்லது. இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் சுற்றிப் போடச் சொல்லுங்கள். ஃபாயிலோடு வெளியே எடுத்ததும் எண்ணெயில் முக்காமல், இரண்டு கனமான அலுமினியத் தகட்டுக்கு நடுவே வைத்து அழுத்தினால் டி2-வும் 14சி28என்-னும் பதம் ஏறிவிடும். வளைவும் பெருமளவு அடங்கும். ஃபவுண்டரி நிறைந்த ஊரில் அலுமினியத் தகட்டுக்கா பஞ்சம்.

அடுத்தது குளிரூட்டல். மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர் கொண்டுவரும் பாத்திரத்தில் இருக்கிற அதே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. தகட்டில் அழுத்தி ஆறவைத்த உடனேயே, டெம்பருக்கு முன் செய்தால் மிஞ்சிய ஆஸ்டினைட் உருமாறி ஒரு புள்ளி, சில சமயம் இரண்டு புள்ளி கிடைக்கும். நாள் தள்ளிச் செய்தால் பலன் குறையும். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே கையாள வேண்டும்.

அதே தகட்டிலிருந்து வெட்டிய துண்டு இரண்டை ஒவ்வொரு லோடிலும் பிளேடுகளோடு சேர்த்து அனுப்புங்கள். ஒன்றை வைஸில் கட்டி, துணி போர்த்தி உடைத்துப் பாருங்கள். முறிவு சாம்பல் நிறத்தில் பட்டுபோல் இருந்தால் நல்லது. சர்க்கரைபோல் மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது, எச்.ஆர்.சி. 61 காட்டினாலும் அந்த லோடை நம்பாதீர்கள்.

ஆறாம் படி: அரைப்பது

பணம் போகும் இடம் இதுதான். முதலில் சர்ஃபேஸ் கிரைண்டிங். வளைந்த பிளேடைக் காந்தப் படுக்கையில் வைத்தால் காந்தம் இழுத்து நேராக்கும், அரைத்து முடித்துக் காந்தத்தை விட்டதும் பழையபடி வளையும். வளைவுக்கு அடியில் காகிதம் கொடுத்து, மேல்பக்கத்தை அரைத்து, திருப்பிப் போட்டுத்தான் நேராக்க முடியும். 58-இல் இருக்கும் பிளேடைக் கொஞ்சம் நெளித்து நேராக்கிவிடலாம். 62-இல் அப்படி முயன்றால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு இரண்டாகிவிடும். அரைத்தே எடுக்க வேண்டியிருப்பதால், கூடுதல் தடிமன் விட்டு வாங்க வேண்டும், கூடுதல் நேரம் மெஷினில் இருக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு விலை கூடுவது இப்படித்தான்.

அடுத்து பெவல், அதாவது வாயை நோக்கிச் சரிந்து மெலியும் பக்கம். அலுமினியம் ஆக்ஸைடு பெல்ட் டி2-வை ஓரளவு தாங்கும். எம்390, எஸ்30வி இரண்டிலும் 4 சதவீதம் வனேடியம். வனேடியம் கார்பைடு அலுமினியம் ஆக்ஸைடைவிடக் கடினம். கல் ஸ்டீலை அரைப்பதற்குப் பதில் ஸ்டீல் கல்லை அரைக்கும். செராமிக் பெல்ட், சிபிஎன் (போரான் நைட்ரைடு) சக்கரம் என்று போக வேண்டும், பாலிஷ் நேரமும் பல மடங்காகும். கண்ணாடிபோல் மினுக்கிய எம்390 பிளேடின் விலையைப் பார்த்து வியப்பவர், ஒருநாள் அதைப் பாலிஷ் போட்டுப் பார்த்தால் பேரம் பேச மாட்டார். முதல் தொகுதிக்கு மெல்லிய கோடுகள் தெரியும் சாட்டின் பினிஷோ, கற்களோடு உருட்டி எடுக்கும் ஸ்டோன்வாஷோ போதும்.

ஹார்டனிங்குக்கு முன்பே பெவலைப் பாதி எடுத்து, வாயில் 0.6 மில்லிமீட்டர் அளவு தடிமன் விட்டு வைத்தால் செலவு குறையும். அதைவிட மெல்லிசாக்கினால் உலையில் அலைபோல் நெளியும்.

கடைசியாகச் சூடு. 200 டிகிரியில் டெம்பர் ஆன பிளேடு, பெல்ட்டில் அதைவிட அதிகம் சூடேறினால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். வாய் ஓரம் மெலிதாக இருப்பதால் ஒரு நொடியில் ஏறும். வெறுங்கையால் பிடித்து அரையுங்கள், கை சுடும் முன்பே தண்ணீரில் முக்குங்கள். அடிப்பகுதியில் 61 காட்டுகிற கத்தி முதல் முறை அறுக்கும்போதே மழுங்கினால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். முதல் சில சாணைக்குப் பிறகு வெந்த ஓரம் போய், அதே கத்தி நன்றாக வெட்டத் தொடங்கும்.

ஏழாம் படி: கைப்பிடியும் பூட்டும்

கிரேடு 5 டைட்டானியம் அழகு, எடை குறைவு. ஆனால் சூட்டைச் சரியாகக் கடத்தாது, வெட்டும் டூல் சீக்கிரம் போகும், மரை போடும் டேப் ஓட்டைக்குள் உடையும். டைட்டானியம் ஏறக்குறைய 36 எச்.ஆர்.சி.தான். விரித்த பிளேடு மடங்காமல் தடுக்கும் பூட்டு அதிலேயே செய்தது என்றால், அது 60 எச்.ஆர்.சி. பிளேடின் பின்பக்கத்தில் உரசிப் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் பூட்டின் நுனியில் பதம் ஏற்றிய ஸ்டீல் துண்டு ஒன்றைத் திருகி வைக்கிறார்கள். பூட்டு உட்காரும் முகத்தை 7–8 பாகைச் சரிவில், ஹார்டனிங்குக்குப் பிறகே அரைக்க வேண்டும். இங்கே சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தப்பினாலும் பிளேடு ஆடும், அல்லது பூட்டு திறக்க மறுக்கும்.

பால் பேரிங்கா, பாஸ்பர் பிரான்ஸ் வாஷரா என்ற கேள்விக்கு, முதல் தொகுதியில் வாஷர். பேரிங்குக்குப் பள்ளம் வேண்டும், டைட்டானியத்தில் அந்தப் பள்ளத்துக்கு ஸ்டீல் வளையமும் வேண்டும்.

எட்டாம் படி: விலை போடுவது

இரண்டு கணக்கு போதும். மெஷின் புரோகிராம், வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். முப்பது கத்திக்குப் பிரித்தால் தலைக்கு 800, இருநூறுக்குப் பிரித்தால் 120. சிறு தொகுதிக் கத்தி விலை அதிகம் என்பதில் ரகசியம் ஏதுமில்லை.

இன்னொன்று கழிவு. வெட்டல், ஹார்டனிங், சர்ஃபேஸ், பெவல், பூட்டு, பினிஷ் என்று ஆறு கட்டத்திலும் நூற்றுக்கு 95 தேறினாலே, கடைசியில் தேறுவது ஏறக்குறைய 73. நாற்பது பிளேடு வெட்டினால் 29 கத்தி. கடினத்தை இரண்டு புள்ளி ஏற்றி, மூன்று கட்டத்தில் தேறுவது 90 ஆகக் குறைந்தால், முடிவில் கிடைப்பது 25. போன நாலும் பெரும்பாலும் முக்கால்வாசி வேலை முடிந்தவை, அவற்றின் கூலியையும் மிஞ்சியவைதான் சுமக்கும். உங்கள் சொந்த உழைப்பு நேரத்துக்கும் ஒரு கூலி போடுங்கள், பெவலும் பூட்டும் பொருத்துவது நீங்கள்தானே.

விற்கும்போது அட்டையில் ஸ்டீல் பெயர், ஹார்டனிங் லோடு எண், சோதித்ததில் வந்த எச்.ஆர்.சி. வரம்பு மூன்றையும் அச்சடியுங்கள். டி2 கத்திக்கு 59–61 என்று போட யோசிக்க வேண்டாம். மிஞ்சிய இரண்டாவது சோதனைத் துண்டில் அதே லோடு எண்ணைப் பொறித்துப் பத்திரமாக வையுங்கள். யாராவது தன் ஊரில் சோதித்து 57 வந்தது என்று சொன்னால், அதே லேபில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.